ஈர்ப்பலை கண்ட வரலாறு



2015ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 14ஆந் திகதி, திங்கட்கிழமை, இலங்கை நேரப்படி பிற்பகல் 3 மணி 20 நிமிடம் 45 செக்கனுக்கு ஓர் அலை இப்பூமியை ஊடுருவிச் சென்றது. நம் இல்லங்களையும் வயல்களையும் அது ஊடுருவியது; கடலையும் மலையையும் ஊடுருவியது; நம் உடம்புகளையும் ஊடுருவியது. எனினும் ஒருவரும் அதனை உணர்ந்திலர். விளக்கின் சுடர் அசையவில்லை. கிணற்று நீர் தளும்பவில்லை. ஒரு செக்கனில் ஐந்திலொரு பங்கு நேரமே கருவிகளில் தென்பட்ட அவ்வலையை, ஐக்கிய அமெரிக்காவில் ஒன்றுக்கொன்று மூவாயிரங் கிலோமீற்றர் தொலைவில் நிறுவப்பட்டிருந்த இரண்டு நிலையங்கள் மாத்திரம் பதிவு செய்துகொண்டன. ஈர்ப்பலை ஒன்றை மனிதன் நேரடியாகக் கண்டறிந்தது அதுவே முதன்முறையாகும்.

இக்கண்டுபிடிப்பைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கருவிகளின் நுட்பத்தையே வியந்து பேசுவர். அந்நுட்பம் வியக்கத்தக்கதே. ஆயினும் அக்கருவிகளுக்குப் பின்னால் நூறாண்டு வரலாறு ஒன்று உண்டு. அலை உண்டென்று கூறிய பேரறிஞரே பின்னர் இல்லையென்றார். கண்டேன் என்று உலகுக்கு அறிவித்த ஒருவரின் கூற்று பொய்த்துப்போயிற்று. கண்டதாக மகிழ்ந்தவர்கள் தாம் கண்டது பரீட்சைக்காக இடப்பட்ட போலி என்று அறிந்தனர். பொய்யான வெற்றியிலிருந்து தம்மைத் தாமே காத்துக்கொள்ளக் கற்றவர்களுக்கே இறுதியில் மெய்யான வெற்றி வாய்த்தது. அந்தக் கல்வி எவ்வாறு கைகூடிற்று என்பதே இன்று நாம் நோக்கப் புகும் பொருளாகும்.

முதலில், ஈர்ப்பலை என்பது யாது?

சேர் ஐசாக் நியூற்றன் 1687ஆம் ஆண்டிலே தமது ஈர்ப்பு விதியை வெளியிட்டார். மரத்திலிருந்து காய் வீழ்வதும், சந்திரன் பூமியைச் சுற்றுவதும், கடல் பொங்கி வற்றுவதும் அவ்வொரு விதியினாலே விளங்கின. எனினும் அவ்விதியில் ஒரு முடிச்சு அவிழாதிருந்தது. சூரியனுக்கும் பூமிக்கும் இடையே ஏறத்தாழப் பதினைந்து கோடி கிலோமீற்றர் வெளி உண்டு. அவ்வெளியைக் கடந்து சூரியனின் இழுவை பூமியை வந்தடைய எவ்வளவு நேரம் செல்லும்? நேரமே செல்லாது, அது அக்கணமே நிகழும் என்பது நியூற்றனின் விதியிலிருந்து பெறப்படும் விடை. சூரியன் இக்கணமே மறைந்துபோயின், அதன் ஒளி அற்றுப்போனதை நாம் அறிய எட்டு நிமிடங்களுக்கு மேலாகும். ஆனால் அதன் ஈர்ப்பு அற்றுப்போனதைப் பூமி அக்கணமே அறிந்துவிடும். இடையில் யாதொன்றுமில்லாத வெளியினூடாக ஒரு பொருள் இன்னொன்றை இழுத்தல் எங்ஙனம் என்ற கேள்வி நியூற்றனுக்கே மனநிறைவு தராததாய் இருந்தது.

இரு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட அம்முடிச்சை அவிழ்த்தவர் அல்பேட் ஐன்ஸ்ரைன். ஒளியினும் விரைந்து செல்லும் செய்தி எதுவும் இல்லை என்று 1905இல் நிறுவிய அவர், 1915ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே ஈர்ப்பைப் பற்றிய தமது புதிய கொள்கையை வெளியிட்டார். திணிவுள்ள ஒவ்வொரு பொருளும் தன்னைச் சூழ்ந்த வெளியையும் காலத்தையும் வளைக்கின்றது. அவ்வளைவின் வழியே ஏனைய பொருள்கள் இயங்குகின்றன. நாம் ஈர்ப்பு என்று வழங்குவது இதனையே என்றார். அவ்வாறாயின், பெருந்திணிவுள்ள பொருள்கள் வன்மையாக அசையும்போது வெளியின் வளைவும் மாறவேண்டும். குளத்தில் எறிந்த கல்லைச் சுற்றி நீரலை விரிவதைப் போல, அம்மாற்றம் ஒளியின் வேகத்தோடு எத்திசையும் பரவவேண்டும். அதுவே ஈர்ப்பலை.

அவ்வலை வரும்போது என்ன நிகழும்? வட்டமான வளையம் ஒன்றை நினைத்துக்கொள்வோம். அலை அதற்கு நேராக வந்து ஊடுருவுமாயின், வளையம் நெடுக்கில் நீண்டு குறுக்கில் சுருங்கும். அடுத்த கணத்தில் குறுக்கில் நீண்டு நெடுக்கில் சுருங்கும். ஆனால் அந்த நீட்சியின் அளவு எவ்வளவு? 2015இல் வந்த அலை, ஒரு நீளத்தைக் கோடி கோடி கோடியில் ஒரு பங்கு அளவே மாற்றியது. சூரியனை விட்டால் நமக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன் நாலு ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ளது. அந்த நெடுந்தூரம் முழுவதும் ஒரு மெல்லிய மயிரிழையின் தடிப்பளவு கூடிக் குறைதலை ஒத்தது அம்மாற்றம். ஈர்ப்பலையைக் காண்பது இயலாத காரியம் என்று பலர் கருதியதில் வியப்பில்லை.

ஐன்ஸ்ரைனுடைய மனமே இதில் நிலைகொள்ளவில்லை. 1916ஆம் ஆண்டு பெப்ரவரியில் சுவார்ஸ்சைல்ட் என்னும் ஜேர்மானிய வானியல் அறிஞருக்கு எழுதிய கடிதத்தில், ஒளியலையை ஒத்த ஈர்ப்பலைகள் இல்லை என்று அவர் எழுதினார். அதே ஆண்டு யூன் மாதத்தில் அவை உண்டென்று கட்டுரை படித்தார். அக்கட்டுரையின் கணிப்பிற் பிழையிருந்தமை கண்டு, 1918இல் தாமே திருத்தி மறுபடியும் எழுதினார். பின்னர் 1936இல், அமெரிக்காவின் பிறின்ஸ்ரன் நகரில் வாழ்ந்தபோது, நேதன் றோசன் என்ற இளைஞரோடு சேர்ந்து, ஈர்ப்பலைகள் இருத்தல் இயலாது என்னும் முடிவோடு ஒரு கட்டுரை வரைந்து, 'பிசிக்கல் றிவியூ' என்ற சஞ்சிகைக்கு அனுப்பினார்.

அங்கே நிகழ்ந்தது நினைவில் வைக்கத்தக்கது. சஞ்சிகையின் ஆசிரியர், எழுதியவர் ஐன்ஸ்ரைனாயிற்றே என்று கட்டுரையை அப்படியே அச்சிடவில்லை. துறையறிந்த வேறொருவரிடம் அனுப்பி அபிப்பிராயம் பெற்றார். கட்டுரையில் தவறுண்டு என்ற நீண்ட குறிப்பு ஐன்ஸ்ரைனுக்கு வந்து சேர்ந்தது. அச்சேறாத கட்டுரையைத் தம் அனுமதியின்றிப் பிறருக்குக் காட்டியமைக்காகச் சினந்த அவர், கட்டுரையை மீட்டுக்கொண்டார். சில மாதங்களுக்குள் றொபேட்சன் என்னும் பௌதிக அறிஞர், ஐன்ஸ்ரைனின் உதவியாளராயிருந்த இன்பெல்டோடு உரையாடி, தவறு எங்கே நேர்ந்தது என்பதை அமைதியாக எடுத்துக் காட்டினார். ஐன்ஸ்ரைன் தம் முடிவை மாற்றினார். 1937இல் வேறொரு சஞ்சிகையில் திருத்திய கட்டுரை வெளிவந்தது. முன்னர்க் குறிப்பு வரைந்தவரும் அதே றொபேட்சனே என்பது 2005ஆம் ஆண்டிலேதான் உலகுக்குத் தெரியவந்தது. எழுதியவர் எத்துணைப் பெரியவராயினும் எழுதியதை ஆராய்ந்த பின்னரே ஏற்பது என்னும் ஒழுங்கு, ஐன்ஸ்ரைனை ஒரு பெருந்தவற்றிலிருந்து காத்தது.

ஆனால் ஐயம் யாவும் ஒரு தன்மையன அல்ல. இதனைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று அதே காலத்தில் இலண்டன் மாநகரிலே நடந்தது. நாம் அறியத்தக்க அளவு ஈர்ப்பலை எழவேண்டுமாயின், விண்மீனுக்குரிய திணிவு மிகச் சிறிய இடத்திலே செறிந்திருத்தல் வேண்டும். அத்தகைய செறிவு இயற்கையில் உண்டா என்ற கேள்விக்கு விடை காண வழி திறந்தவர் ஒரு தமிழர். சென்னை மாநிலக் கல்லூரியிற் கற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930ஆம் ஆண்டிலே, தமது 19ஆம் வயதில், மேற்படிப்புக்காகக் கப்பலேறி இங்கிலாந்து சென்றார். அக்கடற்பயணத்தின்போது அவர் தொடங்கிய கணிப்பு, எரிந்து முடிந்த விண்மீன் ஒன்றின் திணிவு சூரியனைப்போல ஏறத்தாழ 1.4 மடங்கை விஞ்சுமாயின் அது வெண்குறளி என்னும் நிலையில் நின்று தன்னைத் தாங்கிக்கொள்ள இயலாது என்ற முடிவிற்கு இட்டுச் சென்றது.

1935ஆம் ஆண்டு சனவரியில் வேத்தியல் வானியற் கழகத்தின் கூட்டத்தில் அம்முடிவை அவர் எடுத்துரைத்தார். அடுத்துப் பேச எழுந்தவர், ஐன்ஸ்ரைனின் கொள்கையை 1919இன் சூரிய கிரகணத்தின்போது சோதித்துப் புகழ்பெற்ற சேர் ஆதர் எடிங்டன். விண்மீனொன்று அங்ஙனம் பொருந்தாத முறையில் ஒடுங்கிப்போவதை இயற்கையே தடுத்துவிடும் என்று கூறி அவர் அவ்விளைஞரின் முடிவை நகைப்புக்கு உள்ளாக்கினார். கணிப்பில் இன்ன இடத்திற் பிழை என்று காட்டினாரல்லர். முடிவு தமக்கு ஒவ்வாதது என்பதே அவரது மறுப்பின் வேர். இதே எடிங்டன்தான், 1922இல், ஈர்ப்பலைகள் என்று கூறப்பட்டவற்றுட் சில வெறும் கணிதத் தோற்றங்களே என்று முறைப்படி ஆராய்ந்து காட்டியவர். ஒருவரே ஒருகால் நன்றாக ஐயுற்றார். மற்றொருகால் ஆராயாது மறுத்தார். சந்திரசேகர் சினந்து பேசாமல் தம் பணியைத் தொடர்ந்தார். 1983இல் நோபல் பரிசு அவரை வந்தடைந்தது. விண்மீன்கள் ஒடுங்கி நியூத்திரன் விண்மீன்களாகவும், ஒளியும் வெளியேற இயலாத கருந்துளைகளாகவும் மாறுகின்றன என்பது இன்று நிறுவப்பட்ட உண்மை.

இனி, ஈர்ப்பலை என்பது கணிதத்தில் மாத்திரம் வாழ்வதா, பொருளை அசைக்கும் ஆற்றல் உடையதா என்ற விவாதம் 1957ஆம் ஆண்டு வரை நீடித்தது. அவ்வாண்டு சனவரியில் அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்துச் சப்பல் ஹில் என்னும் ஊரிலே அறிஞர் மகாநாடு ஒன்று கூடிற்று. அங்கே றிச்சட் பெயின்மன் மிக எளிய உவமை ஒன்றினால் சிக்கலைத் தீர்த்தார். சொரசொரப்பான கோலொன்றில் இரண்டு மணிகளைக் கோத்து வைத்திருப்பதாகக் கொள்க. ஈர்ப்பலை வந்தால் மணிகள் கோலின் வழியே முன்னும் பின்னும் நகரும்; நகரும்போது உராயும்; உராய்ந்தால் வெப்பம் பிறக்கும். வெப்பம் சக்தியாதலின், அச்சக்தியைக் கொண்டுவந்தது அலையே அன்றோ? ஆகவே அலை மெய். அதனைக் கருவியாற் காணவும் இயலும்.

அம்மகாநாட்டிலே இருந்து கேட்டவர்களுள் ஒருவர் யோசப் வேபர். இரண்டாம் உலகப் போரிலே கடற்படையிற் பணியாற்றிப் பின்னர் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராய் அமர்ந்தவர். பிறர் காகிதத்தில் வாதாடிக்கொண்டிருக்க, இவர் கருவி செய்யப் புகுந்தார். ஒரு தொன்னுக்கு மேற்பட்ட நிறையுடைய அலுமினிய உருளையைக் கம்பியில் தொங்கவிட்டு, அதன் இடையைச் சுற்றி நுண்ணிய பளிங்குகளைப் பொருத்தினார். அலை வந்தால் உருளை மணிபோல அதிரும். பளிங்குகள் அவ்வதிர்வை மின்னாக மாற்றிக் காட்டும். அருகிலே வண்டி ஓடினாலும் உருளை அதிருமே என்ற ஐயத்துக்கு விடையாக, இரண்டாவது உருளையை ஏறத்தாழ ஆயிரங் கிலோமீற்றருக்கு அப்பால் சிக்காகோ நகருக்கு அண்மையில் நிறுவினார். இரண்டும் ஒரே வேளையில் அதிர்ந்தாலன்றி ஏற்பதில்லை என்பது அவர் வகுத்த விதி. 1969இல், அவ்வாறு இரண்டும் ஒருங்கே அதிர்ந்தன, ஈர்ப்பலையைக் கண்டோம் என்று அறிவித்தார். அவர் புகழ் உலகெங்கும் பரவியது.

மொஸ்கோவிலும் ஜேர்மனியிலும் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் வேறு குழுவினர் அத்தகைய உருளைகளைச் செய்து காத்திருந்தனர். ஒருவருக்கும் ஒன்றும் அகப்படவில்லை. வேபர் கூறிய அலைகள் மெய்யாயின், நமது பால்வெளி மண்டலம் நம்பவொண்ணாத வேகத்தில் தன் திணிவை இழந்துகொண்டிருத்தல் வேண்டும் என்றும் கணித்தனர். பின்னர் வேறொரு குழுவினரின் கருவியும் தமது கருவியும் ஒரே வேளையில் அதிர்ந்தன என்று வேபர் காட்டினார். ஆராய்ந்தபோது, ஒருவர் கிறீனிச் நேரத்தையும் மற்றவர் அமெரிக்கக் கீழ்க்கரை நேரத்தையும் கொண்டு பதிவு செய்திருந்தமை வெளிப்பட்டது. ஒரே வேளை என்று அவர் கண்டவற்றுக்கிடையே உண்மையில் நான்கு மணித்தியாலம் இருந்தது! தேடும் பொருளிலே உள்ளம் மிகவும் தோய்ந்துவிட்டால், இல்லாத இடத்திலும் அது தென்படும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. 1974இல் நடந்த ஒரு கூட்டத்தில், அவருக்கும் அவரை மறுத்த கார்வின் என்பவருக்கும் கைகலப்பே நேரும் போலிருந்தது. வேபர் தம் கூற்றை விட்டுக்கொடாமலே 2000ஆம் ஆண்டில் மறைந்தார்.

அவரை எள்ளி நகையாடுதல் எளிது. ஆனால் அது நீதியன்று. ஈர்ப்பலையைக் கருவி கொண்டு தேடலாம் என்ற துணிவை உலகுக்குக் கொடுத்தவர் அவர். தொலைவிலுள்ள இரு கருவிகள் ஒருங்கே சாட்சி சொன்னாலன்றி நம்பற்க என்ற விதியும் அவர் விட்டுச் சென்றதே. லேசர் ஒளியைக் கொண்டு இவ்வலையைத் தேடுதற்கான முதல் மாதிரிக் கருவியைக் கலிபோர்ணியாவிற் செய்த றொபேட் போவட் என்பவர், வேபரிடம் பயின்றவர். வேபரின் உருளைகளுள் ஒன்று, பிற்காலத்தில் அலையை மெய்யாகவே கண்ட நிலையங்களுள் ஒன்றாகிய ஹான்போட் நிலையத்தில் இன்று காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றது.

வேபரைப் பற்றிய சர்ச்சை மூண்டிருந்த வேளையில், வேறொரு திக்கிலிருந்து சாட்சியம் வந்தது. 1974இல் ஹல்ஸ், ரெயிலர் என்னும் இருவர் புவேட்டோ றிக்கோத் தீவிலுள்ள அரசீபோவின் பெரும் வானொலித் தொலைகாட்டியினால், ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 முறை துடிக்கும் நியூத்திரன் விண்மீன் ஒன்றைக் கண்டனர். அது மற்றொரு விண்மீனோடு இணைந்து ஏழேமுக்கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை சுற்றிவந்தது. ஆண்டுகள் செல்ல, சுற்றுக்காலம் ஆண்டொன்றுக்கு ஒரு செக்கனின் பத்திலட்சத்தில் 76 பங்கு வீதம் குறைந்து வருவது தெளிவாயிற்று. ஈர்ப்பலையாகச் சக்தியை இழப்பின் எவ்வளவு குறையவேண்டும் என்று ஐன்ஸ்ரைனின் கொள்கை கூறிற்றோ, அவ்வளவே குறைந்தது. இருவருக்கும் 1993இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆயினும் இது, பெட்டியிற் பணம் குறைவதைக் கண்டு செலவு நடந்ததை அறிவது போன்றது. செலவான காசு கைக்கு வந்து சேர்வதை எவரும் இன்னும் கண்டிலர்.

அதனைக் காணும் வழி ஒரு வகுப்பறையிற் பிறந்தது. நாசிகளின் கொடுமைக்கு அஞ்சிக் குடும்பத்தோடு ஜேர்மனியை விட்டு வெளியேறிய றைனர் வைஸ், 1960களின் பிற்பகுதியில், மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலே சார்புக் கொள்கையைக் கற்பித்து வந்தார். வேபரின் உருளை எங்ஙனம் இயங்குகின்றதென்று மாணவர் கேட்டபோது, தமக்கே மனநிறைவு தரும் விளக்கம் அவரிடம் இல்லை. ஆகவே எளியதொரு வழியைத் தாமே எண்ணி, அதனை மாணவருக்குப் பயிற்சிக் கணக்காகக் கொடுத்தார். தடையின்றித் தொங்கும் கண்ணாடிகளுக்கிடையே ஒளியைச் செலுத்தி, அது போய்வரும் நேரத்தை அளந்தால் என்ன என்பதே அக்கணக்கு. மொஸ்கோவிலும் இருவர் 1962இல் இத்தகைய யோசனையை வெளியிட்டிருந்தனர். வைஸ் இதனை விரித்து 1972இல் ஓர் அறிக்கை எழுதினார். அலையை எவ்வாறு காணலாம் என்பதோடு நில்லாது, அலையைப்போல நடித்து ஏமாற்றக்கூடியவை எவை, ஒவ்வொன்றும் எவ்வளவு ஏமாற்றும் என்றும் அவ்வறிக்கை வரிசையாகக் கணக்கிட்டது. நில அதிர்வு, கண்ணாடியின் வெப்பம், குழாயில் எஞ்சிய காற்று, ஒளியின் இயல்பான துடிப்பு ஆகிய யாவும் அதில் இடம்பெற்றன.

கலிபோர்ணியத் தொழினுட்ப நிறுவகத்தின் கிப் தோண், ஸ்கொத்லாந்திலிருந்து வந்த றொனல்ட் டிறெவர் ஆகியோர் வைஸோடு இணைந்தனர். பெருஞ்செலவு வேண்டும் என்றதும் எதிர்ப்பும் எழுந்தது. எதிர்த்தவர்களுள் வானியலறிஞர் பலரும் இருந்தனர். பயன் நிச்சயமில்லாத ஒன்றிற்குப் பொதுமக்களின் பணத்தை இவ்வளவு கொட்டலாமா என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வியே. 1990இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞான நிதியம் அங்கீகாரம் வழங்கியது. 1994இல் பரி பரிஷ் பொறுப்பேற்று வேலைகளை ஒழுங்குபடுத்தினார். வொஷிங்ரன் மாநிலத்து ஹான்போட்டிலும் லூசியானா மாநிலத்து லிவிங்ஸ்ரனிலும் இரு நிலையங்கள் எழுந்தன. 'லைகோ' என்பது அவற்றுக்கு இட்ட பெயர்.

ஒவ்வொரு நிலையத்திலும் நாலு கிலோமீற்றர் நீளமான இரு குழாய்கள் ஒன்றுக்கொன்று செங்கோணமாக அமைந்துள்ளன; உள்ளே காற்று அகற்றப்பட்டிருக்கின்றது. ஒரு லேசர் ஒளிக்கதிரை இரண்டாகப் பிரித்து, இரு குழாய்களிலும் செலுத்தி, கண்ணாடிகளினால் திருப்பி, மீண்டும் ஒன்று சேர்ப்பர். இரு கதிர்களின் அலைகளும் ஒன்றையொன்று அழித்துவிடுமாறு அமைத்திருப்பதால், வழக்கமாக முடிவிடம் இருண்டிருக்கும். ஈர்ப்பலை வந்து ஒரு குழாயின் நீளம் கூடி மற்றையது குறையுமாயின், அழிவு முழுமைபெறாது சிறு ஒளி கசியும். அந்தக் கசிவே செய்தி.

2002ஆம் ஆண்டு தொடக்கம் 2010 வரை அந்நிலையங்கள் செவி கொடுத்திருந்தன. ஒன்றும் வரவில்லை. ஆனால் அக்காலம் வீணாகவில்லை. அப்பொழுதுதான் அவர்கள் தம்மைத் தாமே சோதிக்கும் அரிய முறை ஒன்றைக் கையாண்டனர். மிகச் சிலர் கொண்ட குழுவொன்று, ஏனையோருக்குச் சொல்லாமல், கருவியின் கண்ணாடிகளை இரகசியமாக அசைத்து, அலை வந்தது போன்ற போலிச் செய்தியை உள்ளே இடும் அதிகாரம் பெற்றிருந்தது. 2010 செப்டெம்பரில் தெளிவான செய்தி ஒன்று வந்தது. பெருநாய் விண்மீன் கூட்டத்தின் திக்கிலிருந்து வந்ததுபோல் தோன்றியமையின் 'பெரிய நாய்' என்று அதற்குச் செல்லப்பெயர் வழங்கலாயிற்று. நூற்றுக்கணக்கான அறிஞர் மாதக்கணக்காக ஆராய்ந்து, கட்டுரையும் எழுதி முடித்தனர். 2011 மார்ச் மாதத்தில் யாவரும் கூடியிருக்க உறை திறக்கப்பட்டது. அது போலியே! உழைப்பு வீணாயிற்றே என்று எண்ணத் தோன்றும். ஆனால், மெய்யான அலை வந்தால் நம்மால் அறிய முடியுமா, அறிந்தபின் அவசரப்படாது இருக்க முடியுமா என்ற இரு கேள்விகளுக்கும் அன்று விடை கிடைத்தது.

அவசரத்தின் கேட்டை உலகம் மறுபடியும் கண்டது. 2014 மார்ச் மாதத்தில், தென்துருவத்தில் 'பைசெப்' என்னும் தொலைகாட்டியைக் கொண்டு ஆராய்ந்த வேறொரு குழுவினர், பிரபஞ்சம் பிறந்த கணத்து ஈர்ப்பலைகளின் சுவட்டைக் கண்டதாக அறிவித்தனர். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில், பிறரோடு சேர்ந்து ஆராய்ந்தபோது, அவர்கள் கண்டது பெரும்பாலும் நமது பால்வெளியின் தூசினால் விளைந்த தோற்றமே என்று தெளிவாயிற்று.

இத்தகைய பாடங்களெல்லாம் மனத்தில் பதிந்திருந்த வேளையில்தான், திருத்தி அமைக்கப்பட்ட லைகோ நிலையங்களுக்கு 2015 செப்டெம்பர் 14ஆந் திகதிய அலை வந்து சேர்ந்தது. முறைப்படியான நோக்குக்காலம் இன்னும் தொடங்கியிருக்கவில்லை. முதலில் லிவிங்ஸ்ரனிலும், ஏறத்தாழ ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஏழு பங்கு கழித்து ஹான்போட்டிலும் அது பதிவாயிற்று. நாலு கிலோமீற்றர் நீளம், அணுக்கருவிலுள்ள புரோத்தனொன்றின் விட்டத்தில் சில நூற்றிலொரு பங்கே மாறியது. ஜேர்மனியின் ஹனோவர் நகரில் அதனை முதலிற் கண்ட மார்க்கோ டிராகோ என்ற இளம் ஆய்வாளர் துள்ளிக் குதிக்கவில்லை. யாரேனும் போலியை இட்டார்களோ என்றுதான் விசாரித்தார். எவரும் இடவில்லை என்று உறுதியாயிற்று.

அதன்பின் ஐந்து மாத காலம் வெளியே வாய் திறக்காது ஆராய்ந்தனர். எவரேனும் வஞ்சகமாகக் கருவிக்குள் புகுத்தியிருப்பாரோ என்றும் ஆராய்ந்தனர். இரு நிலையங்களிலும் தற்செயலாக இத்தகைய ஒற்றுமை நேர்வது 2,03,000 ஆண்டுகளுக்கு ஒருமுறைக்கும் குறைவே என்று கண்டனர். 2016ஆம் ஆண்டு பெப்ரவரி 11ஆந் திகதி உலகுக்கு அறிவித்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பெயர் தாங்கிய அக்கட்டுரை வெளிவந்த சஞ்சிகை, 1936இல் ஐன்ஸ்ரைன் சினந்து விலகிய 'பிசிக்கல் றிவியூ'வின் கிளைச் சஞ்சிகையேயாகும். அதுவும் பிறர் ஆராய்ந்து ஒப்புக்கொண்ட பின்னரே அச்சேறியது.

அந்த அலை சொன்ன செய்தி யாது? சூரியனைப்போல் 36 மடங்கும் 29 மடங்கும் திணிவுடைய இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றி நெருங்கி மோதி, 62 மடங்கு திணிவுடைய ஒன்றாயின. எஞ்சிய மூன்று சூரியத் திணிவு, ஒரு செக்கனுக்கும் குறைந்த நேரத்தில், அலையாகி வெளியேறிற்று. இது நிகழ்ந்தது ஏறத்தாழ 130 கோடி ஆண்டுகளுக்கு முன்னர். அவ்வலையின் அதிர்வு வீதம் மனிதச் செவிக்கு எட்டும் ஒலிகளின் எல்லைக்குள்ளேயே இருந்தமையால், அதனை ஒலியாக மாற்றவும் இயன்றது. சுருதி விரைந்து ஏறிச் சட்டென முடியும் சிறியதோர் ஒலி அது. வானொலி கேட்போராகிய நமக்கு, பிரபஞ்சத்தைக் கண்ணாலன்றிச் செவியாலும் அறியும் காலம் பிறந்தது என்று சொன்னால் எளிதில் விளங்கும்.

2017 ஆகஸ்ட் 17ஆந் திகதி வேறு வகையான அலையொன்று வந்தது. இரு நியூத்திரன் விண்மீன்கள் மோதியமையால் எழுந்தது அது. இத்தாலியின் பீசா நகருக்கு அண்மையிலுள்ள 'வேர்கோ' நிலையமும் அப்போது சேர்ந்திருந்தமையின், வானில் அது வந்த இடத்தைக் குறுகிய எல்லைக்குள் வரையறுக்க முடிந்தது. தொலைகாட்டிகள் அத்திசை நோக்கித் திரும்பின. ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள விண்மீன் மண்டலமொன்றில் புதிய ஒளி தென்பட்டது. பொன் முதலிய பார உலோகங்கள் அத்தகைய மோதல்களில் உருவாகின்றன என்பதற்கு அவ்வொளியிற் சான்று கிடைத்தது. நம் மாதர் அணியும் பொன்னில் ஒரு பகுதியேனும் அவ்வாறு பிறந்ததாகலாம். அலையின் பின்னே 1.7 செக்கன் கழித்துக் காமாக் கதிர்கள் வந்தன. 13 கோடி ஆண்டுப் பயணத்தில் இரண்டு செக்கனும் வேறுபாடில்லை என்றால், ஈர்ப்பும் ஒளியும் ஒரே வேகத்தில் செல்கின்றன என்பது தெளிவு. சூரியனின் இழுவை பூமியை வந்தடைய எவ்வளவு நேரம் என்று நாம் தொடக்கத்திற் கேட்ட வினாவுக்கு விடை, நியூற்றனின் நூல் வெளிவந்து 330 ஆண்டுகளின் பின்னர் வானிலிருந்தே வந்தது.

அவ்வாண்டு ஒக்டோபரில் வைஸ், பரிஷ், தோண் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. டிறெவர் அதற்கு ஏழு மாதங்களுக்கு முன்னரே மறைந்துவிட்டார். வைஸ் 2025 ஆகஸ்டில் காலமானார். 2015 முதல் 2020 வரை நிகழ்ந்த முதல் மூன்று நோக்குக் காலங்களிலேயே 90 நிகழ்ச்சிகள் பதிவாயின. பின்னர் அத்தொகை மேலும் பெருகிற்று. இந்தியாவின் மகாராட்டிர மாநிலத்தில் ஹிங்கோலி மாவட்டத்திலே லைகோ நிலையமொன்றை அமைக்க இந்திய அரசு 2023 ஏப்பிரலில் ஒப்புதல் வழங்கியது. இருபத்தைந்து இலட்சங் கிலோமீற்றர் இடைவெளியில் மூன்று விண்கலங்களை நிறுத்தி அலைகளைத் தேடும் 'லீசா' திட்டத்தை ஐரோப்பிய விண்வெளி முகவரகம் 2024 சனவரியில் ஏற்றுக்கொண்டது.

நேயர்களே, ஒரு நூற்றாண்டுக் கதையைச் சுருங்கச் சொன்னோம். இதில் ஐன்ஸ்ரைன் தவறினார், திருத்தினார். எடிங்டன் ஒருகாலத்தில் ஆராய்ந்தார். மற்றொருகால் ஆராயாது நகைத்தார். வேபர் துணிந்தார்; ஆனால் தம் துணிவையே சோதிக்க அவரால் இயலவில்லை. பின்வந்தோர் அவருடைய துணிவையும் கைக்கொண்டு, அவரிடமில்லாத கட்டுப்பாட்டையும் சேர்த்துக்கொண்டனர். நம்பிக்கை இல்லையேல் நாற்பதாண்டு ஒன்றுமே கேளாத கருவியின் முன் எவரும் காத்திருக்கமாட்டார். ஐயம் இல்லையேல் முதற் போலியையே மெய்யென்று கொண்டாடி வீடு திரும்பியிருப்பர். இவ்விரண்டையும் ஒரே உள்ளத்தில் தாங்குதல் தனியொருவருக்கு அரிது. ஆகவேதான் ஒருவர் சொன்னதை மற்றொருவர் ஆராயும் ஒழுங்கைக் கல்வியுலகம் தனக்கென அமைத்துக்கொண்டது. ஒருவருடைய கூற்றை மறுப்பது அவரை அவமதிப்பதாகாது என்பதையும், நாம் சொன்னதைப் பிறர் சோதிப்பது நமக்கு இழுக்காகாது என்பதையும் நம் பிள்ளைகள் இளமையிலேயே அறிந்துகொள்வார்களாயின், ஈர்ப்பலை கண்டவர்களின் உழைப்பில் நமக்குரிய பங்கையும் நாம் பெற்றவராவோம்.